பூ விதையும் சேர்த்துத் தருவது ஏன்?

(உருத்திரபுரத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களுக்குத் தரும் விதைப் பொதியில் மிளகாய், கத்தரி, தக்காளியோடு செவ்வந்தி விதையும் சின்னப் பை ஒன்றில் இருக்கிறது. ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கூரைக்குத் தகரம் இன்னும் வரேல்லை, பூ விதை தாறியளே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதிலுக்கு முன் ஒன்று. கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக உங்களுக்கு அறிவிக்கப்பட்ட வளவுக்குள் மட்டும் மண்வெட்டியைப் போடுங்கள். வேலிக்கு அப்பால் நல்ல மண் கிடக்கிறது என்று போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

நான் சொல்லும் செவ்வந்தி, மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் செண்டு போலப் பூப்பது. இலையைக் கசக்கினால் காரமாக மணக்கும். கார்த்திகை நடுவில் நாற்று போட்டால் மாசிச் சிவராத்திரியை ஒட்டிப் பூக்கத் தொடங்கும். உருத்திரபுரீஸ்வரர் கோவில் இருக்கிற ஊரில் அந்த நாளில் பூவின் தேவையை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பூவை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வீட்டு வளவில் ஒரு பாத்தி போதும்.

மழைக்காலம் என்பதால் நாற்றுமேடையை உயர்த்தி, மேலே கிடுகு போடுங்கள். ஒரு கிழமைக்குள் முளைக்கும். நாலு கிழமையில், நாலைந்து இலை வந்ததும், ஒன்றரை அடிக்கு ஓர் அடி இடைவெளியில் மேட்டுப் பாத்தியில் நடுங்கள். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் மண்ணில் நெல் நிற்கும், செவ்வந்தி அழுகிவிடும். வேர் பிடித்து வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும், பூவும் கூடும். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள். நான் படித்தது கலைப்பிரிவு; பூவின் மேல் வாளியால் ஊற்றி முதற்செடிகளை அழுக வைத்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

பூ விற்காவிட்டாலும் மண்ணுக்கு லாபம் உண்டு. கத்தரி, தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாக வருவது கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுவால். செவ்வந்தி வேரிலுள்ள ஒரு பொருள் அதைக் குறைக்கும். ஓரத்தில் இரண்டு செடி நட்டால் போதும் என்பார்கள், போதாது. பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு, மூன்று மாதம் நிற்க வேண்டும். பிறகு அதே பாத்தியில் கத்தரியை வையுங்கள். தக்காளிக் காய்ப்புழுவுக்கு வேறு முறை: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செவ்வந்தி. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன வழி அது. தக்காளி பூக்கும்போது செவ்வந்தியும் பூத்திருக்க வேண்டும் என்பதால் செவ்வந்தி நாற்றை முந்திப் போட வேண்டும். தாய்ப்பூச்சி செவ்வந்தியில் போய் முட்டையிடும்.

இதே குடும்பத்தில் ஒரு பொல்லாத உறவும் உண்டு: பார்த்தீனியம். 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. கைவிடப்பட்ட காணிகளில் விரைவாகப் பரவும். கரட் இலை போன்ற இலை, பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூ. தோல் கடி, இழுப்பு வரும், மாட்டுக்கும் கூடாது. பாத்தியில் தானாக முளைத்ததைச் செவ்வந்தி என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பூக்குமுன், கையில் பொலித்தீன் பையைச் சுற்றி, மூக்கை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு விட வேண்டாம்.

கடைசியாக விதை. எங்கள் பொதி ஒரு முறைதான் வரும். ஆகவே நல்ல செடியாகப் பார்த்து நாலைந்து பெரிய பூக்களைப் பறிக்காமல் விடுங்கள். காம்பு வரை காய்ந்ததும் பிரித்தால் ஊசி போன்ற கறுப்பு விதை இருக்கும். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மூடியுள்ள போத்தலில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.