மழையை அளக்கும் மாணவர்

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளில், ஐந்தாம் தரம் வரையுள்ள சிறுவர் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் எவற்றைக் கற்கின்றனர் என்று வினவினால், பாடநூல்கள் எளிதில் விடை பகர்ந்துவிடும். நாற்கணிதச் செய்கைகள், பின்னம், நீளம், நிறை, நேரம் முதலியன கணிதம். விஞ்ஞானம் என்ற பெயரில் தனிப்பாடம் ஆறாந் தரத்திலேதான் தொடங்குகின்றது. அதற்கு முன்னர் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடத்தினுள்ளே செடி, பிராணி, நீர், காற்று, மண், வானிலை யாவும் அடங்கிவிடுகின்றன. இந்தப் பட்டியல் கொழும்பு மாநகரத்துப் பிள்ளைக்கும் இறக்குவானைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒன்றே. பட்டியல் ஒன்றாயிருப்பதால் கல்வியும் ஒன்றாகிவிடுமா என்பது வேறு வினா.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கூடம், ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை என்றிருந்த காலம் நெடியது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 1970களிலேதான் இப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அக்கூடத்திலே வாய்பாடு ஒப்பித்தலே கணிதமாயிருந்தது. ஒப்பித்தலை இகழவேண்டியதில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாவிலே தங்கிவிட்டது பிற்காலத்தில் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றது. ஆனால் அதனோடு நின்றுவிட்டதுதான் குறை.

கொழுந்து மடுவத்தில் தாயின் கொழுந்து நிறுக்கப்படும்போது அருகே நிற்கும் சிறுமி, சாக்கின் நிறை கழிக்கப்படுவதைப் பார்த்திருக்கின்றாள். கழித்தல் என்றால் என்னவென்று ஆசிரியர் கூறுமுன்பே அவள் அதனை உணர்ந்தவள். ஏறக்குறைய நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோகிராம் தேயிலை கிடைக்கின்றது. எஞ்சிய மூன்றரைக் கிலோகிராம் எங்கே போயிற்று என்று வகுப்பிலே கேட்டால், தொழிற்சாலைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று ஒரு பிள்ளை கூறக்கூடும். அவ்விடையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், இலையொன்றை வெயிலில் உலரவைத்து நிறுத்துப் பார்க்கச் செய்யும் ஆசிரியரிடம் நீர் ஆவியாதல் என்ற பாடமும் கழித்தற் கணக்கும் ஒருங்கே நடந்தேறுகின்றன.

இம்மாகாணத்திற்கென்றே அமைந்தது போன்ற பாடம் ஒன்றுண்டு. அது மழை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. மழைமானி செய்வதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. நேரான பக்கங்களையுடைய வெற்றுப் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதன் வாயிற் பொருத்தி, அடியின் மேடுபள்ளம் மறையக் கூழாங்கல்லும் சிறிது நீருமிட்டு, அந்நீர்மட்டத்தில் அடிமட்டத்தின் பூச்சியம் நிற்க ஒட்டிவிட்டால் மானி ஆயிற்று. கூரையோரத்திலோ மரநிழலிலோ வைத்தல் ஆகாது. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கவேண்டும்.

இங்கேதான் ஒரு நல்ல கேள்வி பிறக்கின்றது. வாளியை வைத்தால் கூடுதலான நீர் சேருமே, அப்படியானால் மழையும் கூடிவிடுமா? அகன்ற பாத்திரத்தில் நீர் மிகுதியாகச் சேர்ந்தாலும், பக்கங்கள் நேராயிருப்பின் அதன் உயரம் மாறுவதில்லை. வீட்டில் ஒழுகும் கூரையின்கீழ் வைக்கும் வாளியோ மேலே விரிந்தும் கீழே ஒடுங்கியும் இருப்பது. அது சரியான அளவைக் காட்டாது. இரண்டு பாத்திரங்களை முற்றத்தில் அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளைக்கு உயரமும் கனவளவும் பிறகு குழம்புவதில்லை. கரும்பலகையில் எத்தனை படம் வரைந்தாலும் இத்தெளிவு வருவது அரிது.

பின்னர் கணக்கு வருகின்றது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். நாற்பது சதுர மீற்றர்க் கூரையில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 6,000 லீற்றர். ஒரு ஹெக்டேயர் மலைச்சரிவில் அதே மழை பெய்தால் 15 இலட்சம் லீற்றர், அதாவது 1,500 தொன். இப்பெருக்கலை ஐந்தாந் தரத்துப் பிள்ளை செய்துவிடும்.

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, நாட்கணக்காகப் பெய்த பெருமழையின் முடிவில், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே மாவட்டத்தில் புலத்கொஹுபிட்டியவைச் சேர்ந்த களுபஹன தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்து உயிர்கள் பல பறிபோயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வகுத்துள்ள மழையளவு எல்லைகள் மூன்று. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல். 100 ஆனால் எச்சரிக்கை. 150 ஆனால் அபாயப் பகுதியை விட்டு வெளியேறுதல். இம்மூன்று எண்களும் அடிமட்டத்திலே சிவப்பு மையால் குறிக்கத்தக்கவை.

இவ்வளவு வாய்ப்பிருந்தும் பல வகுப்புகளில் மழைமானி பாடநூற் படமாகவே நின்றுவிடுகின்றது. புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள்களிலேயே ஐந்தாந் தரத்தின் பெரும்பொழுது கழிகின்றது. பெற்றோர் அதனையே விரும்புகின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை, தோட்டத்தைவிட்டு வெளியேறும் வாசல் அதுவொன்றே என அவர்கள் கருதுகின்றனர். ஆனால் அவ்வாசலைக் கடந்த பிள்ளைக்கும் உயர்தர வகுப்பில் கணிதமோ விஞ்ஞானமோ தமிழ்மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகள் இவ்விரு மாவட்டங்களிலும் மிகச் சிலவே. ஆரம்ப வகுப்பில் மூண்ட ஆர்வம் பின்னர் அணைந்துபோவதற்கு இது ஒரு பெருங் காரணம்.

மழைப் பதிவேடு வைத்திருக்கும் வகுப்பில் சனி, ஞாயிறுகளில் அளவெடுக்கும் பொறுப்பு, பாடசாலைக்கு அண்மையிலுள்ள லயத்துப் பிள்ளையைச் சார்கின்றது. என்றாவது ஒரு நாள் அளவு தவறிவிட்டால் அந்தக் கட்டத்தில் பூச்சியம் எழுதக்கூடாது, ஒரு கோடு மட்டும் இடவேண்டும் என்பது ஆசிரியர் விதி. மழை பெய்யாத நாள் ஒன்று, அளக்காத நாள் மற்றொன்று. எட்டு வயதுப் பிள்ளைகள் இதனை இரண்டு வாரத்தில் பழகிக்கொள்கின்றனர்.