பூட்டிய பெட்டியில் பொருள் உண்டா?



எழுதி வைத்தது நிலைக்கும் என்பது மக்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நம்பிக்கை. பிறப்பு, இறப்பு, நிலம், கடன், தேர்வு, ஓய்வூதியம் ஆகியவற்றை ஏட்டில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். பேரேடுகள் தடித்த அட்டையுடன் அலமாரியில் இருந்த காலத்தில் அந்த நம்பிக்கைக்குக் கண்ணெதிரே சான்று இருந்தது. ஏட்டைக் கையில் எடுத்துப் புரட்டலாம். கரையான் அரித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இன்று அந்த ஏடுகளுள் பெரும்பாலானவை கணினிக்குள் தரவுத்தளங்களாக மாறிவிட்டன. தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்திய பட்டியல்களின் தொகுதி. ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர் அதைப் படிக்கலாம், அதில் எழுதலாம். ஆனால் அது கெட்டிருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அதற்குப் படியெடுத்தல், எடுத்த படியைப் பூட்டுதல், பூட்டியதைத் திறந்து பார்த்தல் என்னும் மூன்றும் இன்றியமையாதவை ஆகின்றன. இம்மூன்றையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலாவது படியெடுத்தல். ஓய்ந்து கிடக்கும் ஏட்டைப் படியெடுப்பது எளிது. ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் ஏட்டை எவ்வாறு படியெடுப்பது? ஒருவர் கணக்கிலிருந்து 500 ரூபாயை எடுத்து மற்றொருவர் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற்கணக்கைப் பணம் எடுப்பதற்கு முன்பும், இரண்டாம் கணக்கைப் பணம் சேர்ந்த பின்பும் படியெடுத்தால், உலகில் இல்லாத 500 ரூபாய் அந்தப் படியில் பிறந்துவிடும். கோப்புகளைக் கண்மூடித்தனமாக நகலெடுப்பதில் உள்ள இடர் இதுதான்.

இந்த இடரை நீக்கும் கருவிகளுள் ஒன்று பி.ஜி. டம்ப் என்பது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளுடன் சேர்ந்து வருவது. போஸ்ட்கிரெஸ் 1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சி. இன்று எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். பி.ஜி. டம்ப் தன் வேலையைத் தொடங்கும் கணத்தில் தரவுத்தளம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையை மட்டுமே படியெடுக்கும். அதன் பின்னர் எழுதப்படுவன அந்தப் படியில் கலப்பதில்லை. அதே வேளையில், படிப்பவர்களையோ எழுதுபவர்களையோ அது தடுத்து நிறுத்துவதும் இல்லை. அலுவலகம் தன்பாட்டில் நடக்கும்; படியும் பிழையின்றி உருவாகும்.

இது கட்டளை வரிக் கருவி. திரையில் உள்ள படங்களைச் சுட்டித் தொட்டு வேலை வாங்குவது ஒரு முறை. எழுத்தால் ஆணையிடுவது மற்றொரு முறை. இரண்டாவது முறை பார்வைக்குக் கடினமாகத் தோன்றும். ஆயினும் எழுதிய ஆணையைச் சேமித்து வைக்கலாம். பிறர் படித்துப் பிழை திருத்தலாம். கடிகாரத்தோடு இணைத்து, இரவு இரண்டு மணிக்கு ஒருவரும் இல்லாத வேளையில் தானே நடக்குமாறு செய்யலாம். நாள்தோறும் தவறாமல் நடக்க வேண்டிய பணிக்கு அதுவே ஏற்ற முறை.

இரண்டாவது பூட்டுதல். படி எடுத்தவுடன் காவல் இரட்டிப்பாக வேண்டும். மூல ஏட்டுக்குக் காவலாளி உண்டு. படியோ வேறோர் ஊருக்குப் பயணம் போகிறது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டைம் வார்னர் நிறுவனத்தின் காப்புப்படிகள் அடங்கிய 40 நாடாக்கள் எடுத்துச் செல்லப்படும் வழியில் காணாமற்போயின. அந்நிறுவனத்தில் பணிபுரிந்தவர்களும் முன்னர்ப் பணிபுரிந்தவர்களுமாக ஏறத்தாழ 6 லட்சம் பேருடைய விவரங்கள் அவற்றில் இருந்தன. அவை மறையாக்கம் செய்யப்படவில்லை. மூலம் பத்திரமாக இருந்தது. படியின் வழியாக ஆபத்து வந்தது.

மறையாக்கம் என்பது எழுத்தைப் பிறர் படிக்க இயலாத உருவுக்கு மாற்றுதல். பூட்டுவதற்கு ஒரு சாவியும் திறப்பதற்கு வேறொரு சாவியும் இருக்கலாம் என்னும் கருத்தை 1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். காப்புப்படிக்கு இது பெரிதும் உதவும். படியெடுக்கும் கணினியில் பூட்டும் சாவி மட்டும் இருந்தால் போதும். திறக்கும் சாவி வேறிடத்தில் இருக்கும். திருடன் அந்தக் கணினிக்குள் நுழைந்தாலும், முன்னாள்களில் பூட்டி வைத்த படிகளை அவனால் படிக்க முடியாது. ஜெர்மானியரான வெர்னர் கோக் உருவாக்கிய குனு பிரைவசி கார்டு என்னும் கருவி இத்தகைய பூட்டுகளைச் செய்வது. அதன் முதல் முழுப் பதிப்பு 1999இல் வெளிவந்தது. அதுவும் கட்டளை வரிக் கருவியே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதுவது சிலர் வழக்கம். ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளின் பட்டியலைப் பெரும்பாலும் அதனைப் பயன்படுத்தும் மற்றவர்களும் பார்க்க முடியும். ஆதலால் கடவுச்சொல்லைத் தனிக்கோப்பில் எழுதி, உரியவர் மட்டுமே படிக்குமாறு வைக்க வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில், அந்தக் கோப்பைப் பிறரும் படிக்கலாம் என்ற நிலை இருந்தால், போஸ்ட்கிரெஸ் அதைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவிடும். கண்டிப்பான நல்லாசிரியரைப் போன்ற நடைமுறை அது.

படியெடுக்கும் கருவியையும் பூட்டும் கருவியையும் ஒரே வரியில் இணைக்கலாம். டக் மெக்கில்ராய் என்பவரின் யோசனைப்படி 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் குழாய் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஒரு கருவியிலிருந்து வெளிவருவது நேரே அடுத்த கருவிக்குள் பாயும். இதனால் பூட்டப்படாத படி வட்டில் ஒரு கணமும் தங்குவதில்லை. பாதுகாப்பு நோக்கில் இது மிகச் சிறந்தது.

ஆனால் நேயர்களே, இந்தச் சிறப்பினுள்ளேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. குழாயால் இணைந்த கருவிகளின் வேலை முடிந்ததும், கட்டளைகளை நடத்தும் மென்பொருள் வழக்கமாகக் கடைசிக் கருவியை மட்டுமே விசாரிக்கும். முதலில் நின்ற பி.ஜி. டம்ப் தவறி வெறுங்கையை நீட்டியிருக்கலாம். கடைசியில் நின்ற பூட்டுக் கருவி அந்த வெறுமையை முறைப்படி பூட்டி முத்திரையிட்டு, ‘வேலை நன்றாக முடிந்தது’ என்று அறிக்கை தரும். பைப்ஃபெயில் என்னும் விருப்பத்தைச் சேர்த்தால்தான் குழாய்த்தொடரில் எந்தக் கருவி தவறினாலும் அது தவறாக எண்ணப்படும். திறந்த பெட்டி வெறுமையாக இருந்தால் வழிப்போக்கனும் சொல்லுவான். பூட்டிய பெட்டியைப் பார்த்து எவனாலும் சொல்ல முடியாது. பூட்டு எவ்வளவு உறுதியோ, அவ்வளவுக்கு அது வெறுமையையும் மறைக்கும். ஆகவே பூட்டத் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாவதாகிய திறந்து பார்த்தலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பூட்டோடு தொடர்பில்லாத ஒரு நிகழ்ச்சியே போதுமான பாடம். கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் தரும் நிறுவனம். அதன் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அங்கே முதன்மைக் கணினியைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டிய துணைக் கணினி பின்தங்கிவிட்டது. அதைச் சீர்செய்ய முனைந்த பொறியாளர், துணைக் கணினியின் கோப்புகளை நீக்குவதாக எண்ணி, முதன்மைக் கணினியில் நீக்க ஆணையை இட்டுவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது.

கை தவறுவது மனித இயல்பு. அதற்காகத்தானே காப்புப்படி? நாள்தோறும் பி.ஜி. டம்ப் எடுத்த படிகள் இருக்கும் என்று தேடினார்கள். படிகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, படியெடுக்க ஓடிய கருவியோ 9.2ஆம் பதிப்பு. தன்னைவிடப் புதிய பதிப்பின் தரவுத்தளத்தைப் படியெடுக்கப் பி.ஜி. டம்ப் மறுத்துவிடும். அவ்வாறே அது ஒவ்வொரு நாளும் மறுத்திருக்கிறது. தவறு நேர்ந்தால் மின்னஞ்சல் வர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் முறையான சான்று இல்லாதவை என்று பெறும் இடத்தில் தள்ளப்பட்டன. கருவி உண்மையைச் சொன்னது, கேட்பார் இல்லை.

சோதனைப் பணிக்காக ஒருவர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு படியே அவர்களைக் காத்தது. அதைக் கொண்டுவந்து சேர்க்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட 6 மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டிருக்கும் என்று நிறுவனம் கணக்கிட்டது. நடந்தது அனைத்தையும் ஒளிக்காமல் உலகுக்கு எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையால்தான் இன்று நாமும் அதிலிருந்து கற்க முடிகிறது.

பள்ளியில் வகுத்தல் கணக்குச் சொல்லித் தரும்போது, விடை வந்ததும் பலகையைக் கீழே வைக்க நாங்கள் விடுவதில்லை. ஈவை வகுத்தியால் பெருக்கி, மீதியைக் கூட்டு. பழைய எண் வருகிறதா பார் என்போம். படியெடுத்தலுக்கும் அத்தகைய எதிர்க்கணக்கு உண்டு. பி.ஜி. ரெஸ்டோர் என்னும் துணைக் கருவி, பூட்டைத் திறந்த பிறகு, படியிலிருந்து தரவுத்தளத்தை மீண்டும் கட்டும். மூலத்தைத் தொடாமல், வேறொரு கணினியில் இதைச் செய்து பார்க்க வேண்டும். பட்டியல்கள் எல்லாம் வந்தனவா? வரிகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா? நேற்று எழுதிய பதிவு ஒன்று உள்ளதா? எவ்வளவு நேரம் ஆயிற்று? பயனர்களும் அவர்களுடைய உரிமைகளும் பி.ஜி. டம்ப் எடுக்கும் படியில் முழுமையாக அடங்கா. அவற்றைத் தனியே எடுத்தோமா என்பதும் அன்றுதான் தெரியும். மாதம் ஒருமுறையேனும் இதனைச் செய்வது நலம்.

இந்தத் தேர்வில் மற்றொன்றும் சோதிக்கப்படுகிறது. அதுதான் சாவி. திறக்கும் சாவி தொலைந்தால் உலகில் எந்தக் கொல்லனும் அந்தப் பூட்டைத் திறக்க மாட்டான். எரிந்துபோன ஏட்டுக்கும் சாவியற்ற படிக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஒருவரிடமே சாவி இருத்தல் ஆகாது. கண்டவரிடமெல்லாம் இருத்தலும் ஆகாது. 1979இல் ஆதி ஷமீர் என்னும் கணித அறிஞர் இதற்கு ஓர் அழகிய வழி காட்டினார். ஓர் இரகசியத்தை ஐந்து பங்காக்கி ஐவரிடம் தரலாம். எந்த மூவர் சேர்ந்தாலும் அது திறக்கும். இருவர் சேர்ந்தால் ஓர் எழுத்தும் தெரியாது. இத்தகைய கணிதம் கைக்கு எட்டாத சிறு நிறுவனங்கள் நம்பத்தக்க இருவரிடம், இரு வேறிடங்களில், சாவியைத் தந்து வைக்கலாம். அவர்கள் ஓய்வு பெறும் நாளிலும் ஊர் மாறும் நாளிலும் கைமாற்றுப் பட்டியலில் அது முதல் வரியாக இருக்க வேண்டும்.

துணைக் கணினி ஒன்று இருப்பதால் காப்புப்படி வேண்டா என்று கருதுவோரும் உளர். முதன்மையில் தவறாக அழித்த வரி சிறிது நேரத்தில் துணையிலும் அழியும். அது நிழல், படி அன்று.

நேயர்களுள் பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளவர்கள் பலர் இருக்கலாம். இந்தக் கட்டளைகளை அவர்கள் தாமே எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கணினிப் பணியாளரிடம் ஒரு வினா கேட்கத் தெரிந்தால் போதும். ‘படி எடுக்கிறீர்களா?’ என்பது அந்த வினா அன்று. அதற்கு எவரும் ஆம் என்றே விடை கூறுவர். ‘கடைசியாக எந்த நாளில், எவருடைய சாவியால் திறந்து, முழுவதையும் மீட்டுப் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். நாளும் பெயரும் விடையாக வந்தால் உங்கள் ஏடு நலமாக இருக்கிறது. விடை வரவில்லையென்றால், கடிந்துகொள்ள வேண்டா. இந்த வாரத்திலேயே உடன் அமர்ந்து அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு முதியவரின் ஓய்வூதியமும் ஒரு மாணவியின் மதிப்பெண்ணும் அதற்குள் இருக்கின்றன.