தாயும் மகளும் தீட்டிய வனம்

மயில்கொன்றை நீங்கள் அறியாத செடியன்று. செம்மையும் மஞ்சளும் கலந்த பூ. அதினின்று மீசைபோல் நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் வாயிலில் ஒன்று நின்றது. ஆண்டுதோறும் அதன் பூவைப் பறித்துக் கொடுத்து, இதழ் ஐந்து, தாள் பத்து என்று பிள்ளைகளை எண்ணச் செய்திருக்கிறேன். அப்பூவைக் குறித்து நான் சொல்லாது விட்ட செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் எனக்கே அது தெரியாது. பின்னர் அதை எனக்குத் தெரிவித்தது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஓவியப் பெண்மணியின் நூல்.

மரியா சிபில்லா மெரியன் என்பது அவர் பெயர். 1647இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கி வந்த தந்தை, மகளின் குழந்தைப் பருவத்திலேயே காலமானார். தாய் மறுமணம் செய்துகொண்ட மலரோவியரே அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தார். பதின்மூன்றாம் வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். புழுபூச்சிகள் அழுக்கிலிருந்தும் சேற்றிலிருந்தும் தாமே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. இவரோ முட்டை, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றை, அப்புழு தின்னும் இலையோடு சேர்த்து ஒரே படத்தில் காட்டினார்.

அவருக்கு மகளிர் இருவர். மூத்தவர் யோஹன்னா ஹெலனா. இளையவர் டொரோத்தியா மரியா. இருவருக்கும் தாயே ஆசான். கணவரைப் பிரிந்த மெரியன், 1691இல் மகளிரோடு ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். தூரிகையே அவ்வீட்டுக்குச் சோறிட்டது.

1699இல் அவர் செய்தது அக்காலத்துக்குப் பெரிய துணிவு. தம் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டினார். உயிலும் எழுதி வைத்தார். பின்பு, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்டுவந்த சுரினாமுக்குக் கப்பலேறினார். அவருக்கு வயது 52. உடன் சென்ற டொரோத்தியாவுக்கு 21.

அங்கே அவர்கள் செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காட்டில் ஒரு புழுவைக் கண்டால் மட்டும் போதாது. அது எந்த இலையைத் தின்கிறதென்று அறிந்து, அந்த இலையையே நாள்தோறும் கொணர்ந்து ஊட்ட வேண்டும். தவறினால் புழு இறந்துபோகும். பல நாள் உழைப்பும் வீணாகும். கூடு கட்டியபின் காத்திருக்க வேண்டும்; பூச்சி வெளிப்படுகையில் வண்ணம் மங்குமுன் தீட்டிவிட வேண்டும். வெப்பமோ கொடிது. தாய் நோயுற்றதால் இருவரும் 1701இல் திரும்பினர்.

1705இல் அறுபது சித்திரங்களோடு நூல் வெளிவந்தது. அன்னாசியும் மரவள்ளியும் கொய்யாவும் நமக்கு அன்றாடப் பொருள்கள். அந்நூலை வாங்கிய ஐரோப்பியருள் பலருக்கு அவை புதுமை. கொய்யாக் கிளையில் சிறு பறவையைப் பற்றியிருக்கும் பெருஞ்சிலந்திப் படத்தைப் பிற்காலத்தார் சிலர் கட்டுக்கதை என்று எள்ளினர். 19ஆம் நூற்றாண்டில் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் அத்தகைய காட்சியை அமேசான் பகுதியில் நேரிற் கண்டு எழுதினார்.

அந்நூலில் மயில்கொன்றையும் இருக்கிறது. படம் மிக அழகு. ஆனால் அதன் குறிப்பு வேறு வகையானது. தோட்ட முதலாளிகளிடம் அடிமைப்பட்டிருந்த பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடலாகாதென்று, இச்செடியின் விதையால் கருவைக் கலைத்துக்கொண்டனர். அப்பெண்களே தம்மிடம் இதைக் கூறினரென்று மெரியன் எழுதியிருக்கிறார். அவருக்காகக் காட்டில் வழி வெட்டியவர்களும் அடிமைகளே என்பதையும் நாம் மறைக்கலாகாது. குறிப்பைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இதழ் ஐந்து, தாள் பத்து என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்!

நூலின் முகப்பில் தாயின் பெயரே உண்டு. மெரியன் பெயரில் இன்று நிலவும் ஓவியங்களுள் எக்கோடு தாயினது, எக்கோடு மகளிரது என்று அறிஞர்களாலும் எல்லாவிடத்தும் பிரித்துக் கூற இயலவில்லை. மகளின் பெயரையும் முகப்பில் இட்டிருக்கலாம் என்பது என் கருத்து. ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு இத்தகைய கணக்கு உறுத்தும்.

1717 ஜனவரியில் தாய் மறைந்தார். முன்னர் இரண்டு பகுதிகளாக வந்திருந்த அவரது புழுநூலின் மூன்றாம் பகுதியை அவ்வாண்டே டொரோத்தியா அச்சேற்றினார். பின்பு ஓவியரான தம் கணவரோடு ரஷ்ய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்று, மாமன்னர் பீட்டரின் அரும்பொருட் சாலைக்கு மலரும் பூச்சியும் வரைந்து, 1743 வரை அங்கேயே வாழ்ந்தார். பீட்டர் வாங்கியிருந்த தாயின் ஓவியங்களும் அந்நகரிலேயே இருந்தன.