கடலடியில் கிடந்த சாட்சி



பெரும்பான்மையோர் மறுத்துவிட்டால் உண்மை பொய்யாகிவிடுமா? இன்றைய அரங்கின் கேள்வி இது. விடை சொல்ல, ஓர் ஆற்றையும் ஒரு கடலடியையும் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, மண் அரித்துப்போய்க் கரும்பாறை மட்டும் தெரியும் வறண்ட பள்ளத்தாக்குகள் உண்டு. அவை திடீர்ப் பெருவெள்ளம் அறுத்த வடுக்கள் என்று 1923இல் எழுதினார் நிலவியலாளர் ஜே ஹார்லன் பிரெட்ஸ். நிலம் மெல்லத்தான் மாறும் என்று நம்பிய அறிஞர்கள், 1927இல் தலைநகரில் கூடி அவரை மறுத்தார்கள். அவர்களில் பலர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும், அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களே, அது நியாயமான கேள்வி.

பதில் மொண்டானா மாநிலத்தில் இருந்தது. பனியுகத்தில் ஒரு பனிப்பாளம் ஆற்றை மறித்து, மிசூலா என்ற ஏரியை உண்டாக்கியிருந்தது. அணையருகே ஆழம் சுமார் 600 மீட்டர். நமது 452 மீட்டர் இரட்டைக் கோபுரமே அதில் மூழ்கிவிடும்! பனியணை உடையும்போதெல்லாம் ஏரிநீர் கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் கடலுக்குப் பாய்ந்தது. ஏரி வேகமாக வடிந்ததைக் காட்டும் பெரும் சரளைக்கல் அலைமேடுகளை 1942இல் ஜோசப் பார்டீ விளக்கினார். 1979இல், தொண்ணூறு வயதைக் கடந்த பிரெட்ஸுக்குப் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது.

சரி, கடலுக்குப் போன மண் என்னவாயிற்று? சேறு மிகுந்த வெள்ளம் கடல்நீரைவிடக் கனமாகிவிட்டால், மிதக்காது, கடலடியோடு ஓடும். 1996இல் ஓர் ஆய்வுக் கப்பல், வட கலிபோர்னியாவுக்கு அப்பால், 3,000 மீட்டருக்கும் ஆழமான எஸ்கனாபா பள்ளத்தில் துளையிட்டது. கிடைத்தது கொலம்பியா ஆற்று மணல்! ஆற்றின் முகத்திலிருந்து அது வந்த வழி 1,100 கிலோமீட்டர். அதில் ஓர் அடுக்கு மட்டும் சுமார் 60 மீட்டர் தடிப்பு, இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். அத்தனையும் ஏறக்குறைய ஒரே மூச்சில் படிந்தது.

இது பழங்கதை மட்டும் அன்று. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, டீஸ்டா ஆற்றின் அணையை அடித்துச் சென்றது. உயிர்களும் போயின.

மறுப்பது தவறன்று, நேயர்களே. போய்ப் பார்க்காமல் மறுப்பதே தவறு. கடலடி பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்து சாட்சி சொல்லும். ஆற்றோரம் குடியிருப்பவர்களால் அப்படிக் காத்திருக்க முடியாது.