பங்குப் பிரிப்பும் ஆதாய நட்டக் கணக்கும்
(நம் கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



திருச்சியிலும் திருவரங்கத்திலும் வாழும் நம்மில் முக்கொம்பை அறியாதார் இலர். அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. ஆறு இரண்டானதால் நீர் இருமடங்காகிவிடுவதில்லை. நிறுவனங்கள் தம் பங்குகளைப் பிரிப்பதும் இத்தன்மையதே.

நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதல் மாத ஊதியம் கண்டவர், சின்னாட்களுக்கு முன் கலங்கிய முகத்துடன் வந்தார். 2,000 ரூபாய்க்கு விற்ற பங்கு ஒன்று மறுநாள் 400 ரூபாய் எனக் கண்டு, மலிவாயிற்று என்றெண்ணி, மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். ஒரு பங்கு ஐந்தாகப் பிரிந்தது அவருக்குத் தெரியாது. அது மலிவன்று, பழைய விலையேதான். விலை இறங்கியதும் நட்டத்தில் விற்றார். நகை இன்னும் மீளவில்லை.

இது நமக்குரிய கல்வியன்று என எவரும் ஒதுக்க வேண்டா. அண்ணல் அம்பேத்கர் 1917-இல் இலண்டனிலிருந்து திரும்பிய பின், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாத வகுப்பினர் என்றறிந்ததும் வாடிக்கையாளர் விலகினர், தொழில் நின்றது. பொருளியல் கற்ற மேதைக்கே அக்கதவு அடைக்கப்பட்டது.

கணக்கிற்கு வருவோம். பொன்மலைப் பணிமனைக் குடும்பங்கள் நன்கறிந்த ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2019-இல் பங்கு வெளியிட்டபோது, சிறு முதலீட்டாளர்க்கு விலை 310 ரூபாய். 40 பங்குகளுக்கு 12,400 ரூபாய். 2021 அக்டோபரில் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு, 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாயிற்று. 40 பங்குகள் 200 ஆயின. அடக்கவிலை 310 அன்று, 62. இதை மறந்து, இன்று விற்கும் பங்கிற்கு 310 என எழுதினால் வரிக்கணக்கே பிழையாகும். வாங்கிய நாள் மட்டும் மாறாது. அது 2019-ஆம் ஆண்டே. (போனஸ் பங்கின் கணக்கு வேறு: அதன் அடக்கவிலை சுழி, ஒதுக்கிய நாளே அதன் நாள்.)

பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 சூலை 23 முதல், ஆண்டில் 1.25 இலட்சத்தை மிஞ்சிய ஆதாயத்திற்கு நூற்றுக்கு 12.5 வரி, ஓராண்டுக்குள் விற்றால் 20. நட்டத்தையும் மறைக்காது எழுதுக. நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம்; உரிய நாளுக்குள் வரிப்படிவம் அளித்தோர் எஞ்சியதை 8 ஆண்டுகள் கொண்டு செல்லலாம்.

கரூர், 1995 வரை நம் மாவட்டத்து ஊர். அங்கே 1916-இல் பிறந்த கரூர் வைசியா வங்கி, 2016-இல் தன் 10 ரூபாய்ப் பங்கை ஐந்தாகப் பிரித்தது. 1926-இல் அவ்வூரிலேயே பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27-இல் டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை போட்டோர் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தோர்க்கு ஒரு காசும் கிட்டவில்லை. வங்கிப் பங்கும் வங்கி வைப்பும் ஒன்றென நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போடுவோர் இன்றும் நம்மிடையே உளர்.

பங்கு வைத்திருப்போர், வாங்கிய நாளும் விலையும் குறித்த தாளுடன் ஞாயிறு மாலை நம் கழகப் படிப்பகத்திற்கு வருக. உடன் அமர்ந்து கணக்கிடுவோம்.