தபால் தலையில் ஒரு சிறு காவலன்



1952ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் தேதி, அமெரிக்காவின் சிகாகோ நகரில், மூன்று சென்ட் விலையுள்ள நீலநிறத் தபால் தலை ஒன்று வெளியாயிற்று. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் தோன்றிய அமெரிக்க மோட்டார் சங்கத்தின் பொன்விழாவை முன்னிட்டு வெளிவந்தது அது. கார் வைத்திருப்போர் கூடி அமைத்த ஸ்தாபனத்தின் விழாவுக்கு, காரையே பெரிதாகத் தீட்டி, அதன் வேகத்தையும் சௌந்தரியத்தையும் போற்றியிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1902ஆம் ஆண்டு வண்டியும் 1952ஆம் ஆண்டு வண்டியும் அந்தச் சித்திரத்தில் இருக்கத்தான் இருக்கின்றன. ஆயினும் அதன் நாயகர்கள் பள்ளிச் சிறுமியரும், அவர்களுக்குக் காவலாக நிற்கும் ஒரு சிறுவனுமே.

யார் அந்தச் சிறுவன்? மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, புத்தகமும் கையுமாகப் புறப்பட்ட பிள்ளைகள் தெருவிலே மாண்டுபோகும் கொடுமை கண்டு மனம் பொறாமல், 1920ஆம் ஆண்டளவில், சிகாகோ மோட்டார் சங்கத் தலைவர் சார்லஸ் ஹேய்ஸ் முதலானோர் முயன்று வளர்த்த பள்ளிக் காவற்படையைச் சேர்ந்தவன். தோளிலிருந்து குறுக்கே இறங்கி இடுப்பைச் சுற்றும் வார்ப்பட்டைதான் அவனுடைய அதிகாரச் சின்னம். அவன் நடுத்தெருவில் இறங்கி வண்டிகளை மறிப்பதில்லை. அந்த அதிகாரம் அவனுக்கு அளிக்கப்படவுமில்லை. நடைபாதையின் விளிம்பிலேயே நின்று, இரு கைகளையும் விரித்துத் தன்னினும் சிறியவர்களைத் தடுத்து வைத்து, இருபுறமும் நோக்கி, போதிய இடைவெளி கண்ட பின்னரே கைகளைத் தாழ்த்தி வழிவிடுவான். அபாய வேளையில் தோழர்களின் பிராணனைக் காத்த சிறாருக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கமும் 1949 முதல் ஏற்பட்டது.

அந்தப் பதக்கத்தை எண்ணும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. உடனே வேதனையும் உண்டாகிறது. பாலகன் தன் உயிரைப் பணயம் வைத்துப் பதக்கம் பெறவேண்டிய அவசியம் எதனால் வந்தது? நிறுத்தி வைத்த வண்டியின் மறைவிலிருந்து வெளிப்படும் சிறு உருவம் ஓட்டுபவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வருகின்ற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணித்தறியும் பக்குவம் பிள்ளைக்கு இல்லை. ஆகவே, எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும், முழுப் பொறுப்பையும் குழந்தையின் தோளிலே சுமத்துவது தர்மமாகாது. பிள்ளைகளைத் தடுக்க ஒரு பிள்ளையின் கை போதும். வண்டியைத் தடுக்கவேண்டிய கை அதை ஓட்டுபவனுடையது.

சாதாரணக் கடிதத்துக்கு அன்று மூன்று சென்டே கட்டணமாதலால், பத்துக் கோடிக்கு மேல் அச்சான அந்தத் தபால் தலை, கார் ஓட்டுவோர் வீடுகளுக்கும் கடிதத்தின்மேல் ஒட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கும். அதை வெளியிட்ட அரசாங்கத்தையும், தன் விழாவிலே குழந்தைக்கு முதலிடம் தந்த சங்கத்தையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பெரியோர்களே, உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் அந்தத் தெருவழியே வண்டியைத் தயவுசெய்து மெதுவாக ஓட்டுங்கள். உங்களில் ஓய்வுள்ளவர்கள், முறைவைத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்து, பிள்ளைகள் சாலையைக் கடக்கும்வரை உடன் நில்லுங்கள்.