பழைய ஓட்டோ வாங்குவோர் பற்றுச்சீட்டை விடக்கூடாது



ஈ.பி.எஃப். பணத்தையும் சீட்டுக் காசையும் சேர்த்துப் பிள்ளைக்குப் பழைய ஓட்டோ வாங்குகிறோம். ஒரே மாதத்தில் இஞ்சின் நின்றுவிட்டால், "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று விற்பனை நிலையத்தார் கைவிரிக்கிறார்கள். நாமும் தலைவிதியென்று திரும்பிவிடுகிறோம்.

இனித் திரும்பக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நமக்கும் உரியது. கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை. வாயால் சொன்ன உத்தரவாதத்தையும் அதிலே எழுதி வாங்குவோம். வண்டி பழுதானால், கராஜில் பிரிப்பதற்கு முன் விற்றவருக்கு எழுத்தில் அறிவிப்போம். தீர்வு கிடைக்காவிட்டால், வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம்.

எழுதத் தயங்குபவர்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கக் காரியாலயத்தில் சேர்ந்தே எழுதுவோம். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு, கேள்வியில்லாமல் போகக்கூடாது.